ஏரியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்

போன மாதம் யோகேஸ்வரி தொலைபேசியில் அழைத்தாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். குப்பை, வடிகால், தெருவிளக்கு பார்க்கும் மாவட்ட மன்றத்தின் புகார்ப் பிரிவு. எந்த மாவட்ட மன்றம் என்று சொன்னால் அங்கிருப்பவர்கள் சங்கடப்படுவார்கள். மலேசியாவில், பேராக் மாநிலக் கடலோரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, இப்ப எல்லாப் புகாரும் ஆப்புலதான். படம் இல்லாம அனுப்ப முடியாது. இங்க ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க, வாடை தாங்கலையாம். வாடைய எப்படிண்ணே படம் எடுக்கிறது?"

"அவங்களையே மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கச் சொல்லி ஒன்னு எடுத்துப் போடு."

"வெளையாடாதீங்கலா. நான் சீரியஸா கேக்கிறேன்."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன்."

கொஞ்சம் சிரித்துவிட்டு, புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், "உங்க காலத்துல புகார எப்படிப் பாத்தீங்கன்னு எழுதித் தாங்களேன்" என்றாள். 'உங்க காலம்' என்ற சொல்லில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன் நான். தலைக்குச் சாயம் பூசுவதை இன்னும் நிறுத்தவில்லை. இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை முதல் வாரமே வேலையை விட்டு ஓடவைக்க வேண்டாம் என்றுதான். அதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டதும் ஈப்போவுக்கு வந்தோம். படிவம் ஐந்தோடு பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நான் எழுதிப்போட்ட விண்ணப்பங்களில் பதில் சொன்னது கடலோரத்து அந்த அலுவலகம் மட்டும்தான். வார நாட்களில் அங்கே ஒரு வாடகை அறை, சனி ஞாயிறு ஈப்போ. முதல் சில வருடங்கள் முத்திரை குத்தினேன், கோப்புகளுக்கு நூல் கோத்தேன், அதிகாரிகளுக்குக் கோப்பி வாங்கி வந்தேன். பயிற்சி அவ்வளவுதான். பிறகு ஒருநாள் புகார்க் கவுண்டரில் இருந்த ஆள் மாற்றலாகிப் போக, "மணியத்துக்குத் தமிழும் தெரியும், மலாயும் தெரியும், கோவமும் வராது" என்று என்னை அங்கே உட்காரவைத்தார்கள். கோபம் வராது என்பது தவறான தகவல். காட்டத் தெரியாது என்பதே சரி.

புத்தகம் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அந்தப் பழக்கத்தில், புகாரும் ஓர் இலக்கிய வகை என்றே நான் நம்பி வந்தேன். அதில் நாயகன் எழுதுபவர், வில்லன் பக்கத்து வீட்டுக்காரர். நடுவில் எங்காவது, தாம் ஒழுங்காக வரி கட்டுவதைப் பற்றி ஒரு வாக்கியம் வரும். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதிய ஒருவர், விளக்கு எரிந்ததும் அது நேராகப் படுக்கையறைக்குள் அடிக்கிறது என்று எழுதினார். மறைப்புப் போட்டதும் தெரு இருட்டாக இருக்கிறது என்று எழுதினார். அவருடைய மொழிநடை மட்டும் மூன்றிலும் குறையவே இல்லை.

என் மேலதிகாரி புவான் நோரைனி வந்த பிறகுதான் இந்த வேலையில் வேடிக்கையைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. புவான் என்றால் மலாயில் திருமதி. குள்ளமான பெண்மணி. எப்போதும் ஒரு கறுப்புக் குடை. காரின் பின்பக்கத்தில் ரப்பர் பூட்ஸ். புகார் வந்த இடத்துக்கு அவர் போகும் முறை தனி. மன்றத்தின் சின்னம் போட்ட வண்டியில் போகமாட்டார். பிரச்சினை இருக்கும் இடத்துக்கு நேராகப் போகமாட்டார். முதலில் புகார் செய்தவரின் வீடு. அவர் எங்கே உட்கார்ந்தால் சத்தம் கேட்கிறதோ, எங்கே நின்றால் நாற்றம் வருகிறதோ, அங்கேயே போய் உட்காருவார், நிற்பார். எதிரில் குறிப்பு எடுக்கமாட்டார். நாம் எழுத ஆரம்பித்தால் அவர்கள் மனசில் இருப்பதைச் சொல்வதை விட்டுவிட்டு, கோப்புக்கென்று சொல்லி எழுதவைக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பார். எவ்வளவு நாறினாலும் மூக்கைப் பொத்தமாட்டார். "அது அவங்க வீடு, மணியம். நாம மூக்கைப் பொத்தினா அவங்க முகத்துல அடிச்ச மாதிரி" என்று மலாயில் சொல்வார். அவர் பேசியதெல்லாம் மலாய்தான். இங்கே நான் தமிழாக்கித் தருகிறேன்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பார். "நாங்க என்ன செஞ்சா இன்னைக்கு ராத்திரி நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க?"

முதலில் அதை ஒரு மரியாதைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டு மாமரக் கிளை தன் கூரைமேல் விழுகிறது என்று ஒரு பெரியவர் மாதந்தோறும் புகார் செய்துகொண்டிருந்தார். நாங்களும் மாதந்தோறும் கிளையை வெட்டிக்கொண்டிருந்தோம். புவான் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டே, "அவன் என்கூடப் பேசினாப் போதும்" என்றார். பக்கத்து வீட்டில் இருந்தது அவருடைய கூடப்பிறந்த தம்பி. அன்றிலிருந்து நான் அந்தக் கேள்வியை மதிக்க ஆரம்பித்தேன்.

புவானிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. முடியாது என்று சொல்லப்போகிறார் என்றால் தேநீர் ஊற்றுவார். அவர் அறையில் ஒரு பீங்கான் குடுவை இருக்கும். அதை அவர் கையில் எடுத்தாலே, வந்த காரியம் ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிடும். வந்தவர்களுக்குத் தெரியாது. இவ்வளவு தங்கமான அதிகாரியா என்று நெகிழ்ந்துபோய்க் குடிப்பார்கள்.

இனி ஏரி.

ரப்பராக இருந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறி, கடைசியில் வீடுகள் கட்டித் தாமான் என்ற குடியிருப்பாக மாறிய ஒரு தோட்டம் அங்கே இருந்தது. தோட்டத்தின் வடிகால்கள் எல்லாம் கடலுக்குப் போகும் முன்னே வந்து சேரும் இடத்தில் அந்த ஏரி இருந்தது. ஒரு முனையில் மதகு. அதற்கு அந்தப் பக்கம் கடற்கழி. கடல் ஏறும்போது மதகைத் திறந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வரும். இறங்கும்போது உள்ளே இருக்கும் கசடையும் இழுத்துக்கொண்டு போகும். தோட்ட நிர்வாகம் இருந்தவரை மதகைத் திறந்து மூட ஓர் ஆள் இருந்தார். தோட்டத்தை விற்றபோது அந்த ஆளுக்கும் வேலை போயிற்று. மதகு மூடிய நிலையில் துருப்பிடித்து நின்றது. தோட்டத்து மக்களுக்குக் கரையோரத்திலேயே மலிவு வீடுகள் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டு வடிகாலும் அதே ஏரிக்குத்தான். போகும் வழி அடைபட்டு, வரும் வழி மட்டும் திறந்திருந்தால் எந்த வயிறும் தாங்காது. ஏரியும் தாங்கவில்லை. தண்ணீர் பச்சையாகி, பிறகு பச்சையும் போய், ஒரு மாதிரிச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. விடியற்காலையில் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே மிதக்கும்.

மக்கள் புகார் செய்தார்கள். தண்ணீர் ஓர் இலாகாவுக்குச் சொந்தம், மதகு வேறொன்றுக்கு, நிலம் மாநிலத்துக்கு, மீன் இன்னொருவருக்கு. கரையில் வளரும் புல் மட்டும் எங்களுக்கு. ஆகவே ஏரியைப் பற்றி எந்தப் புகார் வந்தாலும் நாங்கள் புல் வெட்டினோம். மீன் சாகிறது என்றார்கள், வெட்டினோம். கொசு என்றார்கள், இன்னும் ஒட்ட வெட்டினோம். பேராக்கிலேயே மிக அழகாகப் புல் வெட்டப்பட்ட சாக்கடை அதுவாகத்தான் இருக்கும். ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவு வேலை வைத்து, தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல கிருமிகள் கலந்த மண்ணுருண்டைகளை ஏரிக்குள் வீசவைத்தோம். அதிகாரிகளும் வீசினார்கள். நானும் ஒன்று வீசினேன். அது கரையிலேயே விழுந்தது. எல்லோருக்கும் நாசி லெமாக் சோறு கொடுத்தோம். ஏரி அடுத்த வாரமும் நாறியது.

இந்த மக்களுக்குள் லெட்சுமி அக்கா என்று ஒருவர். மீன் தொழிற்சாலையில் இறால் உரிக்கும் வேலை. விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். கணவர் நெடுநாள் முன்பே போய்விட்டார். ஒரே மகன் குமரன். மதகு இன்னும் திறந்துகொண்டிருந்த காலத்தில், படிவம் ஐந்து எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தபோது, மதகுக் கம்பியில் சிக்கிய ஒரு நண்பனின் வலையை எடுத்துவிட இறங்கினான். கடல் இறங்கும் நேரம். இழுப்பு அதிகம். மேலே வரவில்லை.

கடல் பக்கத்தில்தான் இருந்தது. சாம்பலைக் கடலில் கரைக்கலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். லெட்சுமி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவன் போன தண்ணீரிலேயே கரைக்க வேண்டும் என்றார். மதகு திறந்திருக்கிறது, ஏரித் தண்ணீர் கடலுக்குத்தான் போகிறது, தோஷமில்லை என்று பூசாரியும் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவன் திவசத்தன்று அக்கா மதகுப் பக்கம் வந்து, இலை போட்டு, அவனுக்குப் பிடித்ததைப் படைத்து, ஒரு கைப்பிடிச் சோற்றைத் தண்ணீரில் கரைத்துவிட்டுப் போவார். எங்கள் ஆட்கள் புல் வெட்டப் போகும் நாளாக இருந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓரமாக நிற்பார்கள்.

மதகு மூடி, ஏரி அழுகிய பிறகு, கவுண்டருக்கு அதிகம் வந்தவர் அவர்தான். சத்தம் போடமாட்டார். புகார் என்றே சொல்லமாட்டார்.

"தம்பி, ஏரிய கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான் அவர் கேட்டது. பாத்துக்கச் சொல்லுங்க. பக்கத்து வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர் சொல்வதுபோல.

தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர் பெருமாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர், நிறைய அடைமொழிகளோடு எழுதுவார். ஒருநாள் மாமாக் தேநீர்க் கடையில் என்னையும் லெட்சுமி அக்காவையும் உட்காரவைத்து, எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போடப்போகும் மனுவைப் படித்துக் காட்டினார். மதகைச் சரிசெய்ய வேண்டும், சேற்றை வாரவேண்டும், வடிகாலைத் திருப்ப வேண்டும் என்று ஒழுங்காகவே இருந்தது. படித்துவிட்டு அவரே உதட்டைப் பிதுக்கினார்.

"அசைய மாட்டானுங்க, மணியம். உங்க மஜ்லிஸ் ரெண்டே ரெண்டுக்குத்தான் அசையும். ஒன்னு டெங்கி, இன்னொன்னு சாவு. டெங்கி இப்பக் கைவசம் இல்ல."

மஜ்லிஸ் என்றது எங்கள் மன்றத்தை. நான் தே தாரேக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்தார்.

"தப்பா எடுத்துக்காத லெட்சுமி. குமரனப் பத்தி ஒரு வரி போடட்டுமா? ஏற்கனவே ஒரு உயிர் போயிருக்குன்னு."

அக்கா தன் கிளாஸைத் தள்ளிவைத்தார்.

"அவன் பேரப் போட்டா தண்ணிய சுத்தம் பண்ணுவாங்களா?"

"போடாம இத்தன வருஷம் என்னா பண்ணானுங்க?"

"புல்லு வெட்னாங்க," என்றார் அக்கா. என்னைக் குத்திக்காட்டச் சொன்னதல்ல. நடந்ததைச் சொன்னார். பிறகு, "அப்பப் போடுங்க. முழுப் பேராப் போடுங்க. குமரன் த/பெ சுப்பையா" என்றார். பெருமாள் எழுதினார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அங்கே இருந்த யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மஜ்லிஸோடு பழகிப் பழகி நாங்கள் எல்லோரும் கற்றுவைத்திருந்த பாடம் அது.

மனு அசைந்தது. நான் பார்த்ததிலேயே வேகமாக அசைந்த மனு அதுதான். ஒரு புகாரில் மரணம் இருந்தால் அது என் பிரிவில் இருக்க முடியாது. பாதுகாப்புக் குழுவுக்குப் போய்விடும். விதி அப்படி. யாரோ எங்கேயோ செத்த பிறகு, இனிமேல் யாரும் சாகக்கூடாது என்று யோசித்துப் போட்ட நல்ல விதி. அந்தக் குழுவின் வேலை எதையும் பார்த்துக்கொள்வதல்ல. ஆபத்தை இல்லாமல் செய்வது.

புவான் நோரைனி நேரில் பார்க்க வந்தார். நானும் போனேன். வழக்கம்போல வீட்டிலிருந்துதான் தொடங்கினார். பெருமாள் வீட்டு அடுக்களையில் நின்றார். பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பிறகு பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏரிக்குள் கொஞ்சம் இறங்கி, ஒரு மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றி எடுத்தார். கறுப்பாகக் குமிழிகள் வந்தன. அந்த நாற்றத்தை எழுத எனக்குத் திறமை போதாது. கூட வந்த எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மட்டும் கழியின் நுனியை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த மதகைக் கையால் தட்டிப் பார்த்தார். பையன் எங்கே இறங்கினான் என்று கேட்டார். பெருமாள் காட்டினார்.

திரும்பி வந்ததும் அவருடைய கேள்வி. அதைப் பெருமாளிடம்தான் கேட்டார், தலைவர் என்ற முறையில். பெருமாள் எழுந்து நின்றார். மலாயிலும் நல்ல மேடைப் பேச்சாளர். பாதி வழியில் அவர் பேச்சு அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. "எங்களுக்கு வேண்டியது பாதுகாப்பு. இன்னொரு தாய் இப்படி அழக்கூடாது" என்று முடித்தார். அப்படி முடிப்பதாக எண்ணமே இல்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

எல்லோரும் அங்கே உபசரிக்க வந்திருந்த லெட்சுமி அக்காவைப் பார்த்தார்கள். அவர் அழவில்லை. தட்டில் இனிப்புச் சிராப் தண்ணீர்க் கிளாஸ்களை வைத்துக்கொண்டு, யாருக்கு இன்னும் கொடுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார். புவான் ஒன்றை எடுத்துக் குடித்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வருந்துகிறேன் என்றார். அக்கா தலையாட்டினார். கிளம்பிவிட்டோம்.

காரில் நான் சொன்னேன், "அந்த அக்காவிடம் நீங்கள் கேட்கவில்லையே, புவான்."

"அவங்ககிட்ட எப்படிக் கேக்கிறது, மணியம்? பிள்ளை செத்த தண்ணிக்கு எதிர்ல நிக்கவச்சு, உனக்கு என்ன வேணும்னு கேக்கிறதா?"

நியாயம் என்றுதான் எனக்கும் தோன்றியது. முப்பது வருடமாக அவர் ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. ஒரே ஓர் ஆளிடம், இரக்கப்பட்டு, கேட்காமல் வந்தோம்.

குழு முடிவெடுத்தது. மதகைப் பழுதுபார்ப்பது நீண்டகால வேலை, பல இலாகாக்கள் சம்பந்தப்பட்டது. திறந்த மதகு ஏற்கனவே ஓர் உயிரைக் குடித்திருக்கிறது. மூடிய ஏரி சுகாதாரக் கேடு. ஆகவே ஏரியைத் தூர்த்துவிட்டு அந்த இடத்தில் மக்களுக்குப் பயன்படும் விளையாட்டு வசதி. அறிவிப்பை மலாயில் தந்தார்கள், தமிழில் எழுதும் வேலை எனக்கு. 'தாமான் மக்களின் வேண்டுகோளுக்கு இணங்க' என்று தொடங்கியது. மாற்றி எழுத எனக்கு அதிகாரமில்லை. கரையில் நட்ட பலகையில் அதை ஒட்டிவிட்டு வந்தேன்.

தாமானில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நாற்றத்தில் சோறு தின்றவர்கள் அவர்கள். பெருமாள் ஏரியைத் தூர்க்க வேண்டாம் என்று மறுபடி ஒரு மனு எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "நாத்தம் போவுதுல்ல சார், விடுங்கலா" என்று அனுப்பிவிட்டார்கள். இதில் அவர் பழைய மாணவர்களும் சேர்த்தி.

லெட்சுமி அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கவுண்டருக்கு வந்தார். புவானிடம் கூட்டிக்கொண்டு போனேன். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

"ஏரிய மூட வேணாம்னு சொல்லுங்க தம்பி. நான் மூடச் சொல்லல. என் பிள்ள அங்க இருக்கான்."

நான் சொன்னேன். புவான் புருவத்தைச் சுருக்கினார். முதலில் அவருக்குப் புரியவில்லை. சாம்பல் கரைத்ததை, திவசத்தை, நான் விளக்கினேன். அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "யாரும் சொல்லல." பிறகு, "நானும் கேக்கல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மெதுவாகப் பேசினார். மனு கோப்பில் ஏறிவிட்டது. இறந்த பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறது. குழு படித்துவிட்டது. ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்படியே விட்டு, நாளைக்கு இன்னொரு பிள்ளை விழுந்தால், தெரிந்தும் ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மன்றத்தில் ஒருவராலும் முடியாது.

நான் மொழிபெயர்த்தேன். அக்கா கவனமாகக் கேட்டார்.

"அவன் பேர் இருக்கிறதாலதான் மூடுறாங்களா?"

"அதுவும் ஒரு காரணம், அக்கா."

"அப்ப அவன் பேர எடுத்துடச் சொல்லுங்க. நான்தானே குடுத்தேன். நானே திருப்பிக் கேக்கிறேன்."

இதை எப்படி மலாயில் சொல்வது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மிக எளிய வாக்கியம். சொன்னேன். புவான் நோரைனி எழுந்து போய்ப் பீங்கான் குடுவையை எடுத்தார். அக்காவுக்கு ஊற்றினார், எனக்கு ஊற்றினார். தனக்கு ஊற்றும்போது மேசையில் சிந்தியது. துடைக்காமல் உட்கார்ந்தார். அக்கா, "நல்ல மனுஷி" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

புவான் அதற்குப் பிறகும் குழுவுக்கு இரண்டுமுறை எழுதினார். அவர் எழுதியது எனக்குத் தெரியும், நான்தான் தட்டச்சு செய்தேன். பதில் வரவில்லை. லோரிகள் வந்தன.

ஏரியைத் தூர்ப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. முதல் சில நாட்கள் எதுவும் நடக்காததுபோல இருக்கும். செம்மண் விழும், மறையும். பிறகு ஒருநாள் தண்ணீர் ஓரமாக நகர ஆரம்பிக்கும். உயிரோடு மிச்சமிருந்த மீன்கள் எல்லாம் ஒரே மூலைக்கு ஒதுங்கும். கொக்குகள் அங்கே வந்து நிற்கும். அவை பறக்கக்கூட இல்லை, நடந்துபோய்த் தின்றன. கடைசியில் அந்த மூலையும் ஒரு குட்டையாகி, சேறாகி, அதன்மேல் இயந்திரம் ஏறி இறங்கியது. மதகின் மேல் மண் கொட்டிய அன்று லெட்சுமி அக்கா வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். பார்க்க வேண்டிய வேலை எதுவும் எனக்கு அங்கே இல்லை.

ஃபுட்சால் என்ற சிறு கால்பந்தாட்டத்துக்கான மைதானம் நன்றாகவே அமைந்தது. செயற்கைப் புல், வலை போட்ட வேலி, விளக்கு. இளைஞர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. புவான் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அப்போது ஒருநாள் லெட்சுமி அக்கா கவுண்டருக்கு வந்தார்.

"தம்பி, அந்தப் பந்தடிக்கிற எடம். காலையில ஒரு மணி நேரம் வேணும். வேலிக் கதவுல பூட்டு போட்டிருக்காங்க. உங்ககிட்டதான் கேக்கணும்னு சொன்னாங்க."

தேதியைச் சொன்னார். எனக்குப் புரிந்தது. கணினியில் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். பயன்பாட்டின் நோக்கம் என்ன என்று கேட்டது. வழிபாடு என்று போட்டால் வேறு அனுமதி வாங்கவேண்டும், அது கிடைக்காது. கொஞ்சம் யோசித்துவிட்டு 'உடற்பயிற்சி' என்று தட்டினேன். எத்தனை பேர் என்று கேட்டது. ஒருவர் என்று போட்டால் ஏற்றுக்கொள்ளவில்லை, குறைந்தது இரண்டு பேராவது வேண்டும் என்றது. என்னையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்தக் காலையில் பூட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாலாபக்கமும் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பச்சை.

"தண்ணிக்கேட்டு எங்க இருந்துச்சு தம்பி? எனக்குத் தெச புடிபடல."

மதகு இருந்த இடத்தை, கடற்பக்கத்துக் கோல் கம்பத்துக்கு வலது பக்கம் காட்டினேன். அங்கே போய் உட்கார்ந்து இலை போட்டார். சோறு, இட்லி, மீன் பொரியல், ஒரு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ். கற்பூரம் ஏற்றலாமா என்று கேட்டார். செயற்கைப் புல் உருகிவிடும் என்றேன். சரி என்று தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கைப்பிடிச் சோற்றை எடுத்து, பிளாஸ்டிக் போத்தலில் கொண்டுவந்த குழாய்த் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.

அந்தப் புல் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. சோற்றுப் பருக்கைகளோடு தண்ணீர் மெல்ல நகர்ந்து, சரிவு பார்த்து, வேலியோரத்துச் சிமெண்டு வடிகாலுக்குள் இறங்கியது. அக்கா எழுந்து அதன் பின்னாலேயே போனார். குனிந்து கம்பி மூடிக்குள் பார்த்தார்.

"இது எங்க போவுது?"

"கடலுக்கு, அக்கா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். கழியில போய் விழுது."

கம்பியில் சிக்கியிருந்த ஒரு காய்ந்த இலையை விரலால் எடுத்துப் போட்டார். பிறகு படையல் இலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்தக் கால்வா அடைச்சிக்கிச்சுன்னா ஒங்ககிட்டதானே வந்து சொல்லணும்?"

"ஆமா. நான் இல்லன்னா வேற ஆள் இருப்பாங்க. சொல்லுங்க."

"வாரேன்," என்றார். "ஆனா இந்தத் தடவ அவன் பேரச் சொல்ல மாட்டேன்."